ஊடகப் பட்டயப் படிப்பு என்ற பெயரில் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் போனது: சேரப் போகிறவர்கள் படித்துவிட்டுச் சேருங்கள்

நேற்று மாலை கோடம்பாக்கத்தை ஒட்டிய ஒரு தனியார் ஊடகப் பயிற்சி மையத்தின் படிக்கட்டில் இறங்கும்போதுதான், கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது என்பது எனக்கு உறைத்தது. பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞராக இருக்கும் உறவினர் சொன்னதால் எழுதவில்லை. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே இரண்டாவது மாடியில் மையம், வாசலில் தொலைக்காட்சி முகங்களை ஒட்டிய பலகை: இதுதான் அடையாளம். இதழியலும் ஊடகத் தயாரிப்பும் சேர்ந்த ஓராண்டுப் பட்டயப் படிப்பு என்று சொல்லி அவர்கள் வாங்கியது ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.

நான் மன்னார்குடியில் பி.ஏ. தமிழ் முடித்தவள், அப்பா விவசாயி. சேர்க்கைக்கு முன் ஸ்டுடியோவைக் காட்டுகிறோம் என்று அழைத்துப் போனவர்கள், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, பச்சைத் திரைக்கு முன்னால் இருந்த மேசையில் என்னை உட்கார வைத்து, வாசிக்க வேண்டிய வரிகளைத் திரையில் காட்டும் டெலிபிராம்ப்டரை ஓடவிட்டார்கள். "குறுவை சாகுபடிக்காக மேட்டூர் அணையிலிருந்து இன்று தண்ணீர் திறந்துவிடப்பட்டது" என்று தொடங்கும் நான்கு வரிகள். ஜூன் 12 எப்போது வரும், அணை திறக்குமா திறக்காதா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் மனிதர், தன் மகள் அதைச் செய்தியாக வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே கைப்பேசியில் படம் பிடித்தார். அந்த வீடியோவில் படம் ஆடுவதை இப்போதும் பார்க்கலாம். அப்பாவின் கை நடுங்கியிருக்கிறது. முன்பணமாகக் கொண்டுபோயிருந்த நாற்பதாயிரத்தை அன்றே கட்டினோம். அம்மாவின் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, பத்து நாட்களுக்குள் மீதி எண்பதாயிரத்தையும் கட்டினோம்.

முப்பத்து நான்கு மாணவர்களுக்கு ஒரே ஒரு கேமரா. அதற்கும் பேட்டரி ஒன்றுதான். மூன்று விளக்கு ஒளியமைப்பைக் கரும்பலகையில் மூன்று வட்டங்கள் போட்டு நடத்தி முடித்தார்கள். படத்தொகுப்புக்கு வைத்திருந்தது சோதனைப் பதிப்பு மென்பொருள் என்பதால், நாங்கள் வெட்டி ஒட்டிய ஒவ்வொரு காட்சியின் நடுவிலும் அந்த மென்பொருளின் முத்திரை விழுந்தது. களச் செய்தி சேகரிப்பு என்று பாடத்திட்டத்தில் இருந்த வகுப்புக்கு யூடியூப் காணொளிகளைப் போட்டுக் காட்டினார்கள். செய்தி வாசிப்புப் பயிற்சிக்கு அதே மேட்டூர் செய்திதான். ஜனவரி கடைசியில் அணையை மூடிய பிறகும் எங்கள் டெலிபிராம்ப்டரில் தண்ணீர் திறந்தபடியே இருந்தது.

பல்கலைக்கழக அங்கீகாரம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று பிப்ரவரியில் நான் எழுதிக் கேட்டபோது, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த இரண்டு சான்றிதழ்களைக் காட்டினார்கள். ஒன்று ஐ.எஸ்.ஓ. சான்றிதழ், மற்றொன்று சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. மசாலாப் பொடி அரைக்கும் ஆலையும் இவை இரண்டையும் வாங்கிவிடலாம்; படிப்புக்கும் இவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கொட்டை எழுத்தில் 'பிரஸ்' என்று அச்சிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த அட்டையும் அப்படித்தான். அரசின் அங்கீகார அட்டை, பணியில் இருக்கும் செய்தியாளர்களுக்குச் செய்தித் துறை வழங்குவது. பயிற்சி மையம் அச்சடித்துத் தருவதல்ல. உறுதியளித்திருந்த தொலைக்காட்சிப் பயிற்சிக்கான கடிதத்தை எடுத்துக்கொண்டு போனால், அப்படி ஒரு ஏற்பாடே தங்களிடம் இல்லை என்று அந்தத் தொலைக்காட்சி அலுவலகத்தின் வரவேற்பறையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பணத்தைக் கேட்டு ஏழு முறை நடந்தேன். இயக்குநர் படப்பிடிப்பில் இருக்கிறார், கணக்காளர் விடுப்பில் இருக்கிறார், மின்னஞ்சல் அனுப்புங்கள், அடுத்த வாரம் வாருங்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு பதில். நேற்று மேலாளர் எனது ரசீதுகளை வாங்கி, அதில் ஒரு வரியைப் பேனாவால் சுட்டிக்காட்டினார். ஓர் அறக்கட்டளையின் பெயர், அதன் கீழே 'நன்கொடை' என்ற சொல். கட்டணமாக வாங்கியிருந்தால்தானே திருப்பித் தருவதற்கு என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "நிருபராகப் போகிறவர் நீங்கள், இதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தானே சேர்ந்திருக்க வேண்டும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு கேட்கிற கேள்வி!

விரிவாக எழுத இப்போது எனக்குப் பொறுமை இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால், அந்தப் பல்கலைக்கழகத்தையே தொடர்புகொண்டு கேளுங்கள். அது உண்மையான பல்கலைக்கழகம்தானா என்பதை பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தளத்தில் பாருங்கள். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் பணத்தை நீட்டாதீர்கள். சென்ற ஆண்டு படித்தவர்கள் இரண்டு பேரையாவது நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர்கள் காட்டும் ஆட்களிடம் அல்ல. ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். நான் இன்று காலை பதிவு செய்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.