உண்டியலா, அஞ்சலகக் கணக்கா?

பொங்கலுக்குத் தாத்தா கொடுப்பதும், ஊருக்குத் திரும்பும் மாமா கையில் திணித்துவிட்டுப் போவதுமாகக் குழந்தைகளிடம் சேரும் பணத்தை எங்கே வைப்பது என்று பார்த்தால், மண் உண்டியல், செல்வமகள் சேமிப்புத் திட்டம், வங்கியின் மைனர் கணக்கு, அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு என நான்கு வழிகள் இருக்கின்றன. மகளுக்குப் பத்து வயது நிறைந்ததும் நாங்கள் அஞ்சலகக் கணக்கைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

உண்டியலின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அதில் போட மட்டுமே கற்றுக்கொள்ள முடியும். எடுக்க வேண்டுமானால் உடைக்க வேண்டும். பூட்டு வைத்த தகர உண்டியலில் வேறொரு சிக்கல்: மாதக் கடைசியில் பால்காரருக்குச் சில்லறை வேண்டுமென்று பெரியவர்களே அதில் கைவைத்துவிடுகிறோம்.

செல்வமகள் திட்டத்தின் வட்டி 2024இல் 8.2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வருவாய் என்ற கணக்கில் மற்றவை அதன் அருகில் வர முடியாது. பெண் குழந்தைக்குப் பத்து வயதாவதற்குள் தொடங்கி, ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை செலுத்தலாம். எனினும் அது குழந்தைக்காகப் பெற்றோர் சேர்ப்பதே தவிர, குழந்தை சேர்ப்பது அன்று. மேற்படிப்புக்காக ஒரு பகுதியை எடுப்பதற்கே பதினெட்டு வயதாக வேண்டும், அல்லது பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த 'எடுப்பது'தான். பணத்தைப் போடும்போது குழந்தை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எடுக்கும்போதுதான் எதற்கு, எவ்வளவு, எடுத்தபின் மீதி என்ன என்ற கேள்விகள் வருகின்றன. அஞ்சலகத்தில் பத்து வயது நிறைந்தவர் தம் பெயரிலேயே கணக்கு தொடங்கித் தாமே இயக்கலாம். தொடங்க 500 ரூபாய் போதும். அதன்பின் பத்து ரூபாயைக்கூடச் செலுத்தலாம். எடுப்பதென்றால் குறைந்தது 50 ரூபாய். பூப்பந்து மட்டை வாங்க முதன்முறை பணம் எடுத்தபோது, தொகையை எண்ணால் எழுதிவிட்டு எழுத்தால் எழுதும் இடத்தில் என் மகள் தயங்கி நின்றாள். அதை எழுதி முடித்தவள், போட்டிருந்த கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதால் மறுபடியும் போட வேண்டியிருந்தது. பாஸ்புக்கில் மீதித்தொகை குறைந்து பதிவானதைப் பார்த்தபின், அடுத்த முறை என்ன வாங்குவது என்பதில் அவளுக்கே ஒரு நிதானம் வந்தது.

வட்டி 4 விழுக்காடுதான். ஆயிரம் ரூபாய் ஆண்டு முழுவதும் கிடந்தால் நாற்பது ரூபாய் வரும். ஆனால் அந்த வட்டியைக் கணக்கிடும் முறை குழந்தைக்கு நல்ல பாடம். ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதியிலிருந்து மாத இறுதிவரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கே அந்த மாத வட்டி உண்டு. ஆகவே பத்தாம் தேதிக்குள் போட்டுவிடுவதும், அவசரமில்லாமல் எடுப்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுவதும் சில ரூபாய்களையாவது மிச்சப்படுத்தும். சில ரூபாய் என்பது நமக்குத்தான் அற்பம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. நிதியாண்டின் முடிவில் 500 ரூபாய்க்குக் கீழே இருந்தால் பராமரிப்புக் கட்டணமாக 50 ரூபாய் பிடிப்பார்கள். அஞ்சலகம் இயங்குவது பள்ளி நேரத்தில் என்பதால், எங்களுக்குச் சனிக்கிழமையும் பள்ளி விடுமுறை நாள்களும்தான் வாய்க்கின்றன. பாஸ்புக்கில் பதிவு போடும் எந்திரம் பழுதென்று திரும்பி வந்த நாள்களும் உண்டு.

வங்கியிலும் பத்து வயது நிறைந்தவர்கள் தாமே கணக்கை இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. எவ்வளவு தொகைவரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். ஏ.டி.எம். அட்டை தரும் வங்கிகளும் உண்டு. அதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. உறவினர் வீட்டில் பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்வதானால், கணக்கு பையனுடையதாக இருந்தாலும் குறுஞ்செய்தி வருவது தந்தையின் கைபேசிக்கு. மீதி எவ்வளவு என்று அவரைக் கேட்டால்தான் பையனுக்குத் தெரிகிறது. உயர்நிலை வகுப்புக்கு வந்து, பயணச் செலவும் புத்தகச் செலவும் கூடும்போது அட்டைதான் வசதி என்று தோன்றலாம்.

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அஞ்சலகக் கணக்கை இப்போதே தொடங்க நான் சொல்ல மாட்டேன். படிவத்தில் காப்பாளர்தான் கையெழுத்திட வேண்டும் என்பதால், அதுவும் பெற்றோரின் கணக்காகவே ஆகிவிடும். எங்கள் இளையவனுக்கு ஆறு வயது. அவனுக்கு இப்போதைக்கு உண்டியல்தான், அதுவும் மண் உண்டியல்.