பாலூட்டும் அம்மாக்களுக்கான ஆபீஸ் டாப்ஸ்: எது உழைக்கும், எது காலை வாரும்

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கென்று விற்கிற டாப்ஸ் விளம்பரங்களில் எல்லாரும் நின்றுகொண்டேதான் இருப்பார்கள். அந்த உடுப்புக்கு வேலையே உட்கார்ந்த பிறகுதான் வருகிறது. ஒரு கையில் குழந்தையோ பால் எடுக்கும் பம்போ இருக்கும். மிச்சமிருக்கும் கையால் திறக்க வேண்டும், முடிந்ததும் கண்ணாடி பார்க்காமலே மூடவும் வேண்டும். 8 மணி நேர வேலையில் இரண்டு மூன்று தடவை பால் எடுக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 நிமிடம் ஆகும். அதில் ஐந்து நிமிடம் துணியோடு மல்லுக்கட்டுவதில் போனால் அது தவறான துணி.

எத்தனை பெயரில் விற்றாலும், திறக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால் ரகம் மூன்றுதான்: மறைவாக ஜிப் வைத்தது, மேலடுக்கைத் தூக்குவது, முன்பக்கம் இரண்டு துண்டாகக் குறுக்கே வருவது. நான்காவது ஒன்றும் உண்டு, ஆனால் பாலூட்டும் உடை என்று அதைப் பெரும்பாலும் விற்பதில்லை. அது சாதாரணப் பட்டன் சட்டை.

ஜிப் ரகத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் நல்லதுக்கும் மோசத்துக்கும் இடைவெளி அதிகம் உள்ளது இதில்தான். நன்றாகத் தைத்ததில் பிரின்சஸ் கட் தையலோடு, அதாவது மார்பு வழியாக நெட்டுக்கு இறங்கும் தையலோடு ஒட்டி இரண்டு பக்கமும் நெட்டுக்கு ஜிப் போகும். மூடியிருந்தால் வெறும் தையல் கோடு போலத்தான் தெரியும். ஜிப்பின் நீளம் 18 செ.மீ.யாவது இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் பம்பின் புனல் நுழைந்துவிடும், ஆனால் துணி விளிம்பு அதைச் சாய்த்துவிடும். புனல் சாய்ந்தால் ஓரத்தில் காற்று புகும், இழுவிசை குறையும், பால் சரியாக வராது. பம்ப் பழுது என்று நினைத்துக்கொண்டு அதைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதுதான் மிச்சம்.

ஜிப்பைத் திருப்பிப் பாருங்கள். உலோகப் பல் வேண்டாம், நைலான் சுருள் ஜிப்தான் உடம்போடு வளையும். அது முடியும் இடத்தை விரல் நுனியால் தடவினால் கூராக ஏதாவது தட்டுப்படும். குழந்தையின் கன்னம் படுகிற இடம் அதுதான். நல்ல தையல்காரர் அந்த முனையைச் சிறு துணித்துண்டால் மூடியிருப்பார்.

இந்த ரகத்தில் அடிக்கடி வரும் கோளாறு, முதல் சலவைக்குப் பிறகு மார்பின்மேல் பாம்பு நெளிந்தது போல் ஜிப் அலைஅலையாக நிற்பது. காரணம் எளிது. ஜிப்பின் பட்டி பாலியெஸ்டர், அது சுருங்காது. பருத்தித் துணி சுருங்கும். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துச் சுருங்கவிடாமல் தைத்திருந்தால், துணி குறுகி ஜிப் மட்டும் பழைய நீளத்தில் நிற்கும். இஸ்திரி போட்டால் சரியாகாது, பிரித்துத்தான் தைக்க வேண்டும். பனியன் துணியில் வேறொரு தொல்லை: துணி இழுபடும், ஜிப் இழுபடாது. தையல் ஓரத்தில் உள்பட்டி ஒட்டித் தைத்திருக்காவிட்டால் புதிதாக இருக்கும்போதே நெளிந்து நிற்கும். நெய்த துணியில் ஜிப், பனியன் துணியில் தூக்கும் அடுக்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதித் தவறு தவிர்ந்துவிடும்.

ரன்னர் கெட்டிப்பட்டால் எண்ணெய் போடாதீர்கள், கறை ஏறும். மெழுகுவத்தித் துண்டை ஜிப்பின்மேல் இரண்டு முறை தேய்த்தால் போதும். துவைக்கும்போது ஜிப்பை மூடி, உட்புறத்தை வெளியே திருப்பிப் போட வேண்டும். சூடான இஸ்திரிப் பெட்டி நேராகச் சுருள்மேல் போனால் நைலான் இளகி, அதற்குப் பிறகு ரன்னர் அந்த இடத்தில் நகராது.

மேலடுக்கைத் தூக்கும் ரகம் வயிற்றை மறைத்தே வைக்கும், அது இதன் பெரிய வசதி. குறை என்னவென்றால், மேலடுக்கும் உள்ளடுக்கும் பெரும்பாலும் ஒரே துணியாக இருப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு அளவு சுருங்கி, நாலைந்து சலவையில் உள்ளடுக்கு எட்டிப்பார்க்கத் தொடங்கும். வாங்கும்போதே உள்ளடுக்கில் பாலூட்ட விட்டிருக்கும் திறப்பைத் தாண்டி மேலடுக்கு 5 செ.மீ.யாவது தொங்குகிறதா என்று அளந்து பாருங்கள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியும் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குப் பிரச்சினையில்லை. கரும்பலகையில் எழுதும் ஆசிரியைக்கும் உயரத்திலிருந்து பொருள் எடுப்பவருக்கும் இது ஒத்துவராது. வெயில் காலத்தில் இரண்டு அடுக்கின் புழுக்கம் வேறு.

குறுக்காக வரும் ரகம் திறப்பதற்கு மற்ற எல்லாவற்றையும்விடச் சுலபம். ஆபீசுக்கு வேண்டாம். குனிந்தால் விலகும். தினம் பலமுறை இழுபடுவதால் கழுத்தோரம் சீக்கிரமே தொளதொளத்துவிடும். உள்ளே அழுத்துப் பட்டன் ஒன்று வைத்துத் தைத்தால் ஓரளவு தாங்கும், அவ்வளவுதான்.

இனி அந்தப் பட்டன் சட்டை. பாலூட்டும் உடை என்ற முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுப்பதற்கு முன் அலமாரியில் இருக்கும் சட்டைகளை ஒருமுறை பாருங்கள். மேல் பட்டன் பூட்டியபடியே இருக்கட்டும், நடுவில் உள்ள மூன்றை மட்டும் கழற்றினால் பம்ப் வைக்கவும் பால் கொடுக்கவும் வழி கிடைக்கும். மார்பின் மிக உயர்ந்த இடத்துக்கு நேராக ஒரு பட்டன் வர வேண்டும். அது இல்லாமல் அந்த இடம் இரண்டு பட்டன்களுக்கு நடுவே விழுந்தால், பால் கட்டியிருக்கும் நேரத்தில் சட்டை வாய் பிளக்கும். அந்த இடைவெளியில் உட்புறமாக ஓர் அழுத்துப் பட்டன் வைப்பது தையல்காரருக்குப் பத்து நிமிட வேலை. புதுச் சட்டையில் காஜா இறுக்கமாக இருக்கும், ஒற்றைக் கைக்கு மசியாது. வீட்டில் பட்டனை இருபது முப்பது தடவை போட்டுக் கழற்றி இளக்கிக்கொண்டு அணியுங்கள். தளர்ந்த பட்டனை அன்றே தைத்துவிட வேண்டும். குழந்தையின் கைக்கு முதலில் சிக்குவதும் வாய்க்குப் போவதும் அதுதான். ப்ராவுக்குள் வைக்கும் பம்ப் உபயோகிப்பவர்களுக்கு இந்தச் சட்டைதான் சரி. அந்த பம்பின் கிண்ணம் பருமனானது, ஜிப் டாப்ஸின் ஒட்டிய வெட்டுக்குள் அடங்காது.

அளவெடுப்பதிலும் பலர் தவறுகிறார்கள். மார்புச் சுற்றளவு ஒரே நாளில் மாறிக்கொண்டே இருக்கும். பால் கொடுப்பதற்கு முன், கனத்திருக்கும்போது அளந்து, அதோடு 5, 6 செ.மீ. தளர்வு சேர்க்க வேண்டும். அக்குளிலோ மார்பிலோ துணி இறுக்கிப் பிடித்தால் அந்த இடத்தில் பால் கட்டிக்கொள்ளும், வலிக்கும். பிரசவத்துக்கு முன்பே வாங்கி அடுக்கிவைத்தவை பெரும்பாலும் அளவு தப்பிவிடும். தைக்கக் கொடுப்பவர்கள் பக்கத் தையலில் ஓர் அங்குலம் பிடித்தம் விடச் சொல்லுங்கள்.

துணிக்கு வருவோம். பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 1 சதவீதம்கூட வாங்காது. அதனால்தான் பாலியெஸ்டரில் வேர்வை உடம்போடு ஒட்டுகிறது. ஆனால் முழுப் பருத்தி, குழந்தையை ஒருமுறை மடியில் வைத்து எழுந்தாலே கசங்கிவிடும். பருத்தியும் பாலியெஸ்டரும் ஏறத்தாழ 60க்கு 40 கலந்து, இழுவைக்கு 2 சதவீதம் ஸ்பாண்டெக்ஸ் சேர்த்தது நடுத்தரமான தேர்வு. விஸ்கோஸ் என்கிற ரேயான் கையில் குழைவாக இருக்கும், ஆனால் நனைந்தால் வலுவிழக்கும். தினமும் துவைத்துப் பிழிகிற உடுப்புக்கு அது சரிப்படாது. சதுர மீட்டருக்கு 120 முதல் 150 கிராம் எடையுள்ள துணி பார்த்து எடுங்கள். 100க்குக் கீழே போனால் கசியும் பாலை உறிஞ்ச உள்ளே வைத்த பேடின் வட்டம் வெளியே அச்சாகத் தெரியும்.

நிறத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். விரல் நுனியை நனைத்து உள்மடிப்பில் ஒரு சொட்டு வையுங்கள். சாம்பல், வெளிர் நீலம் இரண்டிலும் சொட்டு விழுந்த கணமே ஒரு ரூபாய் நாணயம் போல் கருவட்டம் எழும். கருநீலத்தில் ஈரம் தெரியாது. ஆனால் பால் என்றால் அரை மணியில் காய்ந்து, ஓரம் வெளுத்த வளையமாக நிற்கும். குழந்தை தோளில் கக்கியதும் அப்படியே தெரியும். நெருக்கமான சின்னப் பூ, பொடிக்கட்டம், புள்ளி போட்டவைதான் இரண்டையும் விழுங்குகின்றன. ஒற்றை நிறம் வேண்டுமென்றால் அதை பேண்டில் வைத்துக்கொள்ளலாம். வேலை நேரத்தில் பால் சுரப்பது தெரிந்தால், மேசைமேல் சாய்வது போல் கையைக் கட்டி மார்பில் சில நொடி அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும். ஈரமான பேடை உடனே மாற்றிவிட வேண்டும். அப்படியே விட்டால் தோல் புண்ணாகும், பூஞ்சைத் தொற்றும் வரலாம்.

பால் கறையில் இருப்பது புரதம். வெந்நீரில் போட்டால் வெந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, என்சைம் கலந்த சலவைத்தூளில் அரை மணி ஊறவிட்டுத் துவைத்தால் போய்விடும். பட்டுக்கும் கம்பளிக்கும் அந்தத் தூள் ஆகாது, அவையும் புரத இழைகள்தான், தூள் அவற்றையே அரிக்கும். துவைத்துப் பயன்படுத்தும் பேடுகளுக்குத் துணி மென்மையாக்கி போட்டால் உறிஞ்சும் திறன் குறைந்துவிடும்.

பேண்ட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் வைத்தும் தைத்தது, மேலே இன் செய்த சட்டை இருந்தாலும் பார்வைக்குச் சாதாரண பேண்ட் போலவே இருக்கும். சிசேரியன் ஆனவர்கள் இடுப்புப் பட்டி தழும்புக்கு மேலே வருகிற உயர இடுப்பு ரகமாக எடுக்க வேண்டும். பாக்கெட்டின் ஆழம் 18 செ.மீ. இல்லையென்றால், குழந்தையைத் தூக்கக் குனியும்போது போன் கீழே விழும்.

ஐந்து நாள் வேலைக்கு இரண்டு ஜிப் டாப்ஸ், மூன்று பட்டன் சட்டை என்று வைத்துக்கொண்டால் சலவைச் சுழற்சி தாங்கும். ஆறாவதாக, சுருட்டி வைத்தாலும் கசங்காத பொடிப்பூ பனியன் துணி டாப்ஸ் ஒன்றை, நாலு பேடும் ஈரத்துணி போட ஒரு ஜிப் கவரும் சேர்த்து, ஆபீஸ் மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள்.