விடிய வெளிக்கிட்டு இருட்டமுன் திரும்ப: அனுராதபுரமா, பொலனறுவையா, மட்டக்களப்பா?

திருகோணமலையிலிருந்து ஒரே நாளில் எந்த நகரத்துக்குப் போய்வரலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் விடுமுறைக்கு விடுமுறை வரும். யாழ்ப்பாணத்தை நான் முதலே தள்ளிவிடுவேன். வவுனியா சுற்றிப் போய்ச் சேரவே அரை நாள் போய்விடும், அங்கே இரண்டு இரவாவது தங்க வேண்டும். மிஞ்சுவது மூன்று ஊர்கள். அனுராதபுரம் 100 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பொலனறுவையும் மட்டக்களப்பும் 130ஐ ஒட்டி வரும்.

தூரத்தைப் பார்த்தால் அனுராதபுரம்தான் முதலிடம். ஆனால் நான் தூரத்தை வைத்து முடிவெடுப்பதை விட்டு நாளாகிவிட்டது. ஒருமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ருவன்வெலி சாயவுக்குப் போனோம். வெளிக்கிடப் பிந்தியதால் உள்ளே நுழையும்போது பகல் பன்னிரண்டு. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கல்தளத்தில் கால் வைத்தவர், பாதி வழியிலேயே நின்றுவிட்டார். பிறகு நிழலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் அவருடைய அனுராதபுரம். அதன் பிறகு எந்தப் பயணத்துக்கும் நான் முதலில் கேட்பது, காலை பதினொன்று முதல் மூன்று மணிவரை அந்த ஊரில் எங்கே இருப்போம் என்றுதான்.

அந்தக் கேள்வியில் அனுராதபுரம் தோற்றுவிடுகிறது. ஊர் பெரியது. ஸ்ரீ மகா போதி ஒரு பக்கம், அபயகிரி இன்னொரு பக்கம், ஜேதவனம் வேறொரு பக்கம். ஒவ்வொரு இடத்திலும் வாகனத்தில் ஏறி இறங்கி, செருப்பைக் கழற்றி மாட்டி, மணல் சுட நடக்க வேண்டும். போயா தினங்களில், அதிலும் ஜூன் மாதப் பொசனுக்கு, அடியார் கூட்டத்தில் நகரவே முடியாது. எல்லாளன் 44 ஆண்டுகள் ஆண்டான் என்று மகாவம்சம் சொல்லும் நகரத்தை இப்படி ஓடி ஓடிப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே ஓர் இரவாவது தங்குங்கள். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், ஹொரவப்பொத்தானை வழியாகப் போகும்போது அனுராதபுரத்துக்கு முன்னாலேயே வரும் மிகிந்தலையோடு நிறுத்திக்கொள்ளலாம். 1,840 படிகளை வெயில் ஏறமுன் ஏறி இறங்கிவிட்டால் நிறைவான அரை நாள்.

பொலனறுவை வேறு மாதிரி. பராக்கிரமபாகுவின் அரண்மனையிலிருந்து கல் விகாரை வரை, பார்க்க வேண்டியவை வடக்குத் தெற்காக ஏறக்குறைய ஒரே வரிசையில் சில கிலோமீற்றருக்குள் கிடக்கின்றன. இடையிடையே மரநிழல் உண்டு, வாடகைச் சைக்கிளும் கிடைக்கும். எல்லோரும் தெற்கிலிருந்து தொடங்குவார்கள். நான் நேரே வடக்கு முனைக்குப் போய், கல் விகாரையைக் காலைக் குளிர்ச்சியில் முதலில் பார்ப்பேன். ஒரே பாறையில் நான்கு உருவங்கள். படுத்திருக்கும் புத்தர் மட்டும் 46 அடி. அந்த முகத்தின் முன்னால் பத்து நிமிடமாவது பேசாமல் நில்லுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு தெற்கே இறங்கினால், வெயில் உச்சிக்கு வரும்போது பராக்கிரம சமுத்திரக் கரையிலுள்ள அருங்காட்சியகத்துக்குள் இருக்கலாம். சுடும் நேரத்துக்கு நிழல் கிடைத்துவிட்டது, பார்த்தவற்றை மனதில் அடுக்கிக்கொள்ளவும் அந்த இடம் உதவும்.

நமக்கென்று அங்கே ஒரு காரணமும் உண்டு. இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகையில் எழுதியிருக்கும் கற்கோயில், சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம். பொலனறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். அடிமுதல் விமானம்வரை கல். சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள், விரலால் தடவி எழுத்துக் கூட்டலாம். சோழர் ஆட்சியில் இந்த ஊருக்கு சனநாதமங்கலம் என்று பெயர். அதே காலத்தில் நம் பெரியகுளத்து வெல்கம் விகாரை இராஜராஜப் பெரும்பள்ளி என்று அழைக்கப்பட்டது. முந்தின வாரமே பெரியகுளத்துக்குப் போய் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால், பொலனறுவையில் அவர்கள் நிற்கும் விதமே மாறிவிடும். என் மகள் அந்தச் சுவரில் ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைத் தானே கண்டுபிடித்துச் சத்தம் போட்டாள்.

பஸ்ஸில் போகிறவர்கள் பழைய நகரத்திலேயே இறங்குங்கள், கதுறுவெல வரை போய்த் திரும்ப வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேண்டுமானால் பிறகு அங்கே போகலாம், தமிழில் கதைத்துச் சோறு கேட்கும் கடைகள் உண்டு. வட்டதாகேயிலும் கல் விகாரையிலும் செருப்பைக் கழற்ற வேண்டும், ஆகவே எல்லோருக்கும் தடித்த காலுறை ஒரு சோடி. வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கூட வந்தால், அவர்களுக்கு டொலர் கணக்கில் நுழைவுக் கட்டணம் இருப்பதை முதலே சொல்லிவையுங்கள்.

இனி மட்டக்களப்பு. இங்கே பயணமே பாதிச் சுகம். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாக, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் வயலுமாகப் போகும் பாதை. பாலம் வரமுன் கிண்ணியாவில் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்குக் காத்துநின்ற காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2009இல் திறந்த அந்தப் பாலம் 396 மீற்றர். அதைக் கடக்கும்போதெல்லாம் அம்மா இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவார்.

ஊருக்குள் போனால் புளியந்தீவு. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து ஆண்டில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை வாவியைத் தொட்டபடி நிற்கிறது. நம் பிரட்றிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சின்னதாகத் தெரியும், ஆனால் வாவிக் காற்று அங்கே மத்தியானத்தைத் தாங்கவைக்கிறது. கல்லடியில் விபுலானந்த அடிகளின் சமாதி. நம் இந்துக் கல்லூரியை நடத்தியவர், ‘யாழ் நூல்’ வெளிவந்த 1947இலேயே மறைந்தவர். அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மாமாங்கேஸ்வரர் கோயில், பின்னேரம் கல்லடிக் கடற்கரை, வாங்கிவர எருமைத் தயிர்ச் சட்டி. பாடும் மீனை மட்டும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். அது வெயில் மாதங்களில், நிலவு இரவில், வாவிக்குள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது.

பார்ப்பதற்கென்று எண்ணினால் பொலனறுவைக்கு மட்டக்களப்பு ஈடாகாது. ஆனால் வயதானவர்களுக்கு அங்கே எல்லாம் தமிழில் நடக்கிறது, களைத்தால் எங்கும் உட்காரலாம், ஒரு கோயில் விட்டுப்போனாலும் மனம் குறைப்படாது. அதனால் பிள்ளைகளோடு என்றால் பொலனறுவை, அம்மாவோடு என்றால் மட்டக்களப்பு என்று நான் பிரித்துவைத்திருக்கிறேன்.

திரும்பும் நேரம் ஒன்றுதான் பாக்கி. பொலனறுவையிலிருந்து மின்னேரியா, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும் தெருவில் இருட்டினால் யானை குறுக்கிடும். பின்னேரம் நான்குக்கு வெளிக்கிட்டால் ஹபரணைக் காட்டை வெளிச்சத்திலேயே தாண்டலாம். வாகரைப் பாதையில் அந்தப் பயம் குறைவு என்றாலும் கார்த்திகை, மார்கழி மழையில் வெருகல் பக்கம் வெள்ளம் ஏறும். இரண்டுக்கும் மாசிக்குப் பிறகு போங்கள். விடிய ஐந்து மணிக்கு இடியப்பமும் சம்பலும் பார்சல் கட்டிக்கொண்டு ஏறினால், எட்டரைக்கு முன் ஊருக்குள் நிற்கலாம்.