ரத்தம் எடுத்தவருக்கு ஐந்து, ரிப்போர்ட்டுக்கு இரண்டு

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, அன்று மாலையே ரிப்போர்ட் அனுப்பும் ஒரு சேவையில் லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தக் கொழுப்புப் பரிசோதனை, எடுத்துப் பார்த்தேன். ரத்தம் எடுத்த பெண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். ரிப்போர்ட்டுக்கு இரண்டுதான்.

எனக்கு 71 வயது. நரம்பு பிடி கொடுக்காமல் நழுவும். முன்பு ஓரிடத்தில் மூன்று குத்து வாங்கிய கை. இந்தப் பெண் வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. "அஞ்சு நிமிஷம் அப்படியே உட்காருங்க சார், அப்புறம் எடுக்கலாம்" என்றார். நின்றுவிட்டு உடனே கொடுத்தால் ரத்தம் கொஞ்சம் கெட்டிப்பட்டு, கொழுப்பு கூடுதலாகக் காட்டும். ரப்பர் பட்டையை ரொம்ப நேரம் இறுக்கி வைத்தாலும் அப்படித்தான். அவரோ குழாயில் ரத்தம் இறங்கிய கணமே பட்டையைத் தளர்த்திவிட்டார். கப்பல் இன்ஜின் ரூமில் காலமெல்லாம் பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இந்த மாதிரி கைகளைப் பார்த்தால் மரியாதை தானாக வரும்.

இனி ரிப்போர்ட். பதிவு செய்யும்போது 'இனம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தெற்காசியர் என்று தேர்ந்தெடுத்தேன். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே விடவில்லை. ஆனால் மாலையில் வந்த பிடிஎஃப்பில் அதற்கான சுவடே இல்லை. மொத்தக் கொலஸ்ட்ரால் 178, பெரிய பச்சை வட்டம். 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் 103, வெளிர்பச்சை. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 212, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் 33. இரண்டும் இரண்டாம் பக்கத்து மூலையில், பொடி எழுத்தில். முகப்பில் 'உங்கள் கொலஸ்ட்ரால் நலம்' என்று ஒரு வரி.

எங்கே நலம்? ட்ரைகிளிசரைடு ஏறி, எச்டிஎல் இறங்கி, எல்டிஎல் மட்டும் சாதுவாக நிற்பது தெற்காசிய ஆண்களிடம் அடிக்கடி காணப்படும் அமைப்பு. எல்டிஎல் துகள்கள் சிறுத்து எண்ணிக்கையில் கூடியிருந்தாலும், அவை சுமக்கும் கொலஸ்ட்ராலை மட்டும் அளந்தால் கணக்கு அடக்கமாகத்தான் தெரியும். அந்த 103கூட அளந்து பார்த்த எண் இல்லை. 178-இலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்த மிச்சம். 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் இது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், அதே 103. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தச் சூத்திரம் தடுமாறும், 400-ஐத் தாண்டினால் பயன்படுத்தவே கூடாது.

அதே வாரம் என் பழைய கப்பல் சிநேகிதரும் தன் ரிப்போர்ட்டை அனுப்பினார். அமெரிக்கக் கறுப்பினத்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மொத்தம் 214, எச்டிஎல் 61, ட்ரைகிளிசரைடு 78. அவருக்குச் சிவப்பு வட்டம். மனுஷன் பயந்துபோய்விட்டார். வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பின ஆண்களுக்குச் சராசரியாக ட்ரைகிளிசரைடு குறைவு, எச்டிஎல் கூடுதல். அந்த எச்டிஎல்லும் சேர்ந்துதானே மொத்தம் 200-ஐத் தாண்டியது! அதற்காக அவர் தப்பித்தார் என்று சொல்லவில்லை. அவருடைய எல்டிஎல் 137, அதை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். எச்டிஎல் ஏறினால் மாரடைப்பு வராது என்ற பழைய நம்பிக்கையும் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது.

எல்லாம் பிறப்போடு வருவது என்றும் வாதாட வரவில்லை. ஜப்பானிய வம்சாவளி ஆண்களை ஜப்பான், ஹவாய், கலிபோர்னியா மூன்று இடங்களிலும் ஒப்பிட்டு 1960-களில் தொடங்கிய நி-ஹோன்-சான் ஆய்வில், ஜப்பானில் இருந்தவர்களுக்கே கொலஸ்ட்ரால் குறைவு, கலிபோர்னியாவில் அதிகம். ஒரே வம்சம், வேறு வாழ்க்கை. ஆனாலும் சிகிச்சைக்கு இந்த இனக் கட்டம் உதவும். 2018-இன் அமெரிக்க வழிகாட்டி நெறிகள் தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் அம்சங்களில் சேர்த்திருக்கின்றன. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் மாத்திரையும் ஆசியர் உடலில் ஏறக்குறைய இரட்டிப்பு அளவு சேர்வதால் 5 மி.கி.யில் தொடங்கச் சொல்கிறார்கள். கேட்டு வாங்கிய தகவலை வைத்து ஒரு வரி எழுதியிருக்கலாம்.

என் பெரிய கோபம் வரைபடத்தின் மேல். மொத்தக் கொலஸ்ட்ரால் இரண்டு வருஷத்துக்கு முன் 221, இப்போது 178. 'அருமையான முன்னேற்றம்' என்று கட்டைவிரல் உயர்த்திய படம் வேறு. நடுவில் எனக்கு நிமோனியா வந்து ஆறு கிலோ இறங்கியது. கொலஸ்ட்ராலுக்கு நான் மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. வயதான ஆண்களுக்கு நோயாலும் எடை இழப்பாலும் கொலஸ்ட்ரால் தானாகவே சரியும். கிழவனுக்கு எண் இறங்கினால் ஏன் இறங்கியது என்றுதான் முதலில் கேட்கவேண்டும். என் டாக்டர் ரிப்போர்ட்டைத் திறந்ததும் கேட்டது, "எடை எவ்வளவு இறங்கிச்சு?"

மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும் இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் (ஏ) இந்தப் பேக்கேஜில் இல்லை. கறுப்பினத்தவருக்குச் சராசரி மிக அதிகம், தெற்காசியருக்கும் வெள்ளையரைவிடக் கூடுதல். பெரும்பாலும் மரபணு தீர்மானிப்பது, ஆயுளில் ஒருமுறை பார்த்தாலே பெரும்பாலோருக்குப் போதும். டாக்டர் சொல்லித் தனியாக எடுத்தேன்: லிட்டருக்கு 134 நானோமோல். 125-க்கு மேல் போனால் அதிகம் என்பது கணக்கு. நண்பரையும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனக் கட்டம் எதற்கு என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "உங்கள் சுயவிவரத்தை முழுமையாக்க" என்று பதில் வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். அதே பெண்ணை அனுப்பமுடியுமா என்று கேட்டிருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் இல்லை.