31ஆம் தேதி மட்டும் தலைகாட்டும் கோளாறு

பன்னிரண்டு வருடமாக, வெப்சைட் புரோகிராம் எழுதும் மொழியான பிஎச்பிதான் எனக்குச் சோறு போடுகிறது. ஊரே திட்டுகிற அளவுக்கு அது மோசமான மொழி இல்லை. ஆனாலும் "பிளஸ் ஒன் மந்த்", "மைனஸ் ஒன் மந்த்" என்று எழுதும்போது மட்டும் இன்றைக்கும் கை ஒரு நொடி நிற்கும்.

முதலில் மாட்டியது ஒரு மே 31. சின்ன ஃபைனான்ஸ் ஆபீஸ் ஒன்றுக்கு வசூல் ரிப்போர்ட் செய்து கொடுத்திருந்தேன். கடைசி 12 மாதங்களைக் காட்டும் டிராப்டவுன். லூப் போட்டு, இன்றைய தேதியிலிருந்து ஒவ்வொரு மாதமாகக் கழித்திருந்தேன். சாயங்காலம் போன். "சார், மே ரெண்டு தடவை வருது, ஏப்ரலைக் காணோம்." ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தால்: மே, மே, மார்ச், மார்ச், ஜனவரி, டிசம்பர், டிசம்பர், அக்டோபர், அக்டோபர், ஆகஸ்ட், ஜூலை, ஜூலை. வரி பன்னிரண்டு, மாதம் ஏழுதான்!

காலையில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். விடிந்தால் ஜூன் 1, எல்லாம் ஒழுங்காக இருந்தது. "சரி பண்ணிட்டீங்க போல, தேங்க்ஸ் சார்" என்றார் அங்கே கணக்குப் பார்க்கும் அம்மா. நானும் மறுக்கவில்லை. ஜூலை 31 அன்று மறுபடி போன் வந்தது.

விஷயம் இதுதான். தேதிக் கணக்குப் போடும் பிஎச்பி ஃபங்ஷனான ஸ்டர்டுடைம் மாத எண்ணை மட்டும் மாற்றும், தேதியைத் தொடாது. மே 31-இல் ஒரு மாதம் கழித்தால் ஏப்ரல் 31. அப்படி ஒரு நாளே இல்லை, அதனால் அந்த ஒரு நாளை முன்னே தள்ளி மே 1 ஆக்கிவிடும். ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 3, லீப் வருடத்தில் மார்ச் 2. இது பிழையே இல்லை, இப்படித்தான் நடக்கும் என்று மேனுவலே எச்சரிக்கிறது. நான்தான் அதைப் படிக்கவில்லை.

டிராப்டவுனுக்கு மருந்து சுலபம்: மாதத்தின் 1ஆம் தேதிக்குப் போய், அங்கிருந்து கழிக்க வேண்டும். 2009-இல் வந்த பிஎச்பி 5.3 பதிப்பிலிருந்து "ஃபர்ஸ்ட் டே ஆஃப்" என்றே எழுதலாம்.

தவணைத் தேதிதான் உண்மையான தலைவலி. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஜனவரி 31-க்கு அடுத்த மாதத்தை பிப்ரவரி 28 என்று இழுத்து நிறுத்தும். பிஎச்பியில் தேதிகளைக் கையாளும் கார்பன் லைப்ரரியிலும் 'நோ ஓவர்ஃப்ளோ' என்று முடியும் ஃபங்ஷன்கள் அதையே செய்யும். அடடா என்று இருக்கும். ஆனால் அந்த 28-உடன் மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28. கடன் வாங்கியவரின் 31ஆம் தேதி அதோடு காணாமல் போய்விடும். அதனால் இப்போதெல்லாம் முதல் தவணைத் தேதியைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தவணையையும் அதிலிருந்தே எண்ணுகிறேன். டெஸ்ட்டில் மார்ச் 29, 30 இரண்டிலிருந்தும் ஒரு மாதம் கழிப்பதையும் சேர்த்திருக்கிறேன். பிப்ரவரி குட்டையானதால் அங்கேயும் இதே கதைதான்.

அந்த அம்மா மட்டும் இன்னும் நம்பவில்லை. மாசம் 31-இல் முடிந்தால் காலையிலேயே போன் வரும்: "சார், இன்னிக்கு 31. ஒரு தடவை பாத்துடுங்க."