புடைப்பெழுத்து பாட்டிலா, வண்ணம் சுட்ட பாட்டிலா?

அமெரிக்கச் சிற்றூர் சோடா கம்பெனிகளின் பழைய பாட்டில்களைச் சேர்ப்பவர்களுக்கு இரண்டு வகை உண்டு. அவற்றில், கண்ணாடியிலேயே எழுத்து மேடாக எழும் புடைப்பெழுத்து வகைதான் மூத்தது. சின்னக் கம்பெனிக்கு, பாட்டில் வார்க்கும் தனி அச்சு கட்டுப்படியாகாது. அதனால் பொது அச்சிலேயே பெயரும் ஊரும் செதுக்கிய தகட்டை மட்டும் மாற்றிப் பொருத்தினார்கள். எழுத்துகளைச் சுற்றி மெல்லிய கோடு விரலில் தட்டுப்பட்டால், அது அந்தத் தகட்டின் விளிம்பு. அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் விழும் பக்கவாட்டு அச்சுக்கோடு வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டால், வாய் கையால் முடிக்கப்பட்டது. அப்படிப்பட்டதை விட்டுவிடாதீர்கள்.

வண்ண வகை 1930களின் நடுவில் வந்தது. எனாமல் என்னும் கண்ணாடி வண்ணத்தைத் திரை வழியே அச்சிட்டுச் சூளையில் சுட்டார்கள். படமும் நிறமும் கிடைப்பதோடு, பலவற்றில் ஆண்டைக் குறிக்கும் எண்ணும் அடியில் இருக்கும். புதிதாகச் சேர்ப்பவருக்கு இதுவே எளிது.

பலர் கெடுப்பது கழுவும்போதுதான். புடைப்பெழுத்தும் கண்ணாடியே என்பதால் வெதுவெதுப்பான நீரும் சோப்பும் நைலான் பிரஷ்ஷும் தாங்கும். மண்ணில் கிடந்து ஏறிய வெண்படலம் இவற்றால் போகாது. செம்புக் கம்பித் துண்டுகளும் பாலிஷ் தூளும் இட்டு இயந்திரத்தில் உருட்ட வேண்டும். வண்ண பாட்டிலின் வெளிப்புறத்தை அப்படி உருட்டவே கூடாது, எனாமல் தேய்ந்துவிடும். அமிலமும் அதை அரிக்கும். வெளிறிய வண்ணம் திரும்பாது. படலத்தை எண்ணெய் தடவி மறைப்பவர்களும் உண்டு. சோப்புத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு பார்த்து வாங்குங்கள்.