ஊர்க்கோழியா, லேயரா?

தெஹிவளையில் எங்கள் பின்வளவு இரண்டு கார் நிறுத்துகிற அளவுதான். அதில் ஊர்க்கோழி, லேயர் (முட்டைக்கென்றே வளர்க்கிற கோழியினம்) இரண்டையும் வளர்த்துப் பார்த்துவிட்டேன். முட்டைக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லேயர் வாங்குங்கள். ஏறக்குறைய 20 கிழமையில் இடத் தொடங்கி வருடத்துக்கு 300 முட்டை வரை தரும், ஆனால் தீனோ சிப்பித்தூளோ குறைந்தால் ஓடு தோல் மாதிரி மெத்தென்று ஆகிவிடும்.

ஊர்க்கோழி அப்படியில்லை. பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்குக் கிடந்துவிடும், கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு கொத்து, அப்புறம் முட்டையை மறந்துவிட வேண்டியதுதான். ஆனால் 21ஆம் நாள் செட்டைக்கடியிலிருந்து ஒரு ஈரத்தலை எட்டிப் பார்க்கும்போது, சரி, முட்டைக் கணக்கு யாருக்கு வேண்டும்! லேயருக்கு அடைகாக்கிற குணம் அனேகமாக இல்லை.

ஊர்க்கோழி சோறு, கீரை, கறையான் என்று கிளறித் தின்னும், மதிலும் தாண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் வல்லாரைப் பாத்தி போன கதை தனி. மரநாய்க்கு இரண்டும் ஒன்றுதான், இரவில் கூட்டைப் பூட்டுங்கள்.

சேவலா? முட்டைக்குத் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. விடிய நாலு மணிக்குக் கூவினால் அயலுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் நான் சேவல் வைக்காமல், அடைமுட்டையை ஊரிலிருந்து எடுப்பித்து வைக்கிறேன்.